டெஃப் லெப்பர்ட் ரிக் ஆலன்: அனுதாபத்தை ஓரமாக வைத்துவிட்டு வாசிப்பைப் பேசலாமா?

தவில்பேரன் (இழையைத் தொடங்கியவர்)

இன்று காலை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மறுபடியும் அந்தப் படம் வந்தது. டிரம் செட்டுக்குப் பின்னால் ஒற்றைக் கையோடு ஒருவர். கீழே ரோஜாப்பூ போட்டு, 'மனம் இருந்தால் மார்க்கம் உண்டு, இனிய காலை வணக்கம்'. பெரியப்பா கைகூப்பும் பொம்மை போட்டார், அத்தை கண்ணீர் பொம்மை போட்டார். அவ்வளவுதான், பேச்சு சாம்பார்ப் பொடிக்கு எத்தனை மிளகாய் என்பதற்குப் போய்விட்டது.

படத்தில் இருப்பவருக்கு ஒரு பெயர் உண்டு. ரிக் ஆலன், டெஃப் லெப்பர்ட் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் டிரம்மர். எத்தனையோ வருடமாக இந்தப் படம் சுற்றுகிறது. ஒரு கையை வைத்துக்கொண்டு இவர் எப்படி வாசிக்கிறார் என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. எனக்கு எரிச்சல் அதில்தான். அதனால் இந்த இழை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. 1963 நவம்பர் 1 அன்று டெர்பிஷயரில் டிரான்ஃபீல்டு என்ற ஊரில் பிறந்தார். எஃகுக்குப் பேர்போன ஷெஃபீல்டுக்குப் பக்கம். 9 வயதில் டிரம்ஸ் பிடித்துவிட்டது. பள்ளிக்கூட வயதிலேயே உள்ளூர்க் குழுக்களில் வாசித்துக்கொண்டிருந்தார். 1978இல் டெஃப் லெப்பர்ட் தன் டிரம்மரை இழந்துவிட்டு வேறு ஆள் தேடியது. அப்போது குழுவுக்கு உள்ளூரைத் தாண்டிப் பெயரில்லை. பத்திரிகையில் வந்த தலைப்பு 'லெப்பர்ட் தோலை இழந்தது' என்கிற மாதிரி. சிறுத்தைக்கும் தோல், டிரம்ஸுக்கும் தோல், அதுதான் சிலேடை. அதைப் பார்த்துப் பதில் போட்டது பையன் இல்லை, பையனுடைய அம்மா. பிள்ளையை டிரம்ஸ் பக்கம் தள்ளிவிட்ட தாய்மார்களின் பட்டியல் எந்த நாட்டிலும் சின்னதாகத்தான் இருக்கும். நவம்பரில் குழுவில் சேர்ந்தபோது வயது 15. படிப்புக்கு அத்தோடு பெரிய கும்பிடு. அடுத்த வருடம் தன் 16வது பிறந்தநாளில் லண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியன் மேடையில் இருந்தார். அன்றைக்குப் பெரிய குழு ஏசி/டிசி, அவர்களுக்கு முன்னால் இவர்கள்.

1980இல் முதல் ஆல்பம், 1981இல் இரண்டாவது. 1983இல் வந்த பைரோமேனியா அமெரிக்காவில் 2ஆம் இடம் வரை ஏறியது. மேலே இருந்தது மைக்கேல் ஜாக்சனின் த்ரில்லர்.

அப்புறம் 1984 டிசம்பர் 31. ஷெஃபீல்டுக்கு வெளியே ஏ57 சாலை. ஆலன் ஓட்டியது கார்வெட். முன்னால் போன ஆல்ஃபா ரோமியோவை முந்தப்போய் வளைவில் பிடி விட்டுப்போனது. கார் சாலையோரக் கற்சுவரில் மோதி வயலுக்குள் பாய்ந்தது. சீட் பெல்ட் சரியாகப் பூட்டாததால் அவர் வெளியே வீசப்பட்டார். இடது கை துண்டாகிவிட்டது. மருத்துவர்கள் திரும்ப ஒட்டிப் பார்த்தார்கள், தொற்று ஏறியதால் எடுத்துவிட வேண்டியதாயிற்று. வயது 21.

ஃபார்வர்டு இங்கேதான் ஆரம்பித்து இங்கேயே முடிந்துவிடுகிறது. நமக்கு வேண்டியது இதற்கப்புறம் நடந்தது. வாசிப்பவர்கள், ஒலிப்பதிவுக்காரர்கள், சும்மா கேட்பவர்கள் எல்லாரும் வாருங்கள்.

---

கடைசிபெஞ்ச்

நல்ல இழை, ஆனால் ஒரு கசப்பான விஷயம் சொல்லிவிடுகிறேன், திட்டாதீர்கள். விபத்துக்கு அப்புறம் வந்த ஹிஸ்டீரியா ஆல்பத்தில் டிரம்ஸ் எல்லாம் கணினி. கை போன ஆளை விட முடியவில்லை, அதனால் மெஷினை வைத்து ஒப்பேற்றினார்கள். மேடையிலும் பட்டனை அமுக்கினால் சத்தம் வரும். நல்ல மனது உள்ள குழு என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். பெரிய டிரம்மர் என்று சொன்னால்தான் தொண்டையில் சிக்குகிறது.

---

மிக்சிங்மேசை

கடைசிபெஞ்ச், நீங்கள் சொன்னதில் பாதி சரி. ஆனால் காலவரிசை தலைகீழாக இருக்கிறது.

ஹிஸ்டீரியாவின் டிரம்ஸ் ஒலிகள் ஃபேர்லைட் என்ற கருவியிலிருந்து வந்தவை. சிட்னியில் பீட்டர் வோகல், கிம் ரைரி என்ற இரண்டு பேர் உருவாக்கி 1979இல் வெளிவந்தது. நிஜமான ஓர் ஒலியைப் பதிந்து உள்ளே வைத்துக்கொண்டால், வேண்டிய இடத்தில் வேண்டிய தடவை ஒலிக்க வைக்கலாம். 8 பிட் தரம்தான், இன்றைக்குச் சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானே அதைவிடச் சுத்தமாக ஒலிக்கும். விலையோ அன்றைக்கு ஒரு வீட்டின் விலை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பைரோமேனியாவிலேயே டிரம்ஸ் ஒலிகளில் பெரும்பகுதி ஃபேர்லைட்தான். அது வந்தது 1983 ஜனவரி. ஆலனுக்கு இரண்டு கையும் இருந்தது. தயாரிப்பாளர் மட் லாங் என்பவருக்கு அது ஒரு பிடிவாதம். கிடார், குரல் எல்லாவற்றையும் அடுக்கடுக்காகப் பதிந்துவிட்டு டிரம்ஸைக் கடைசியில் போடுவார். வீட்டுக்குக் கூரை போட்டுவிட்டு அஸ்திவாரம் தோண்டுகிற மாதிரி. ஏன் என்று கேட்டால் அதற்கும் காரணம் இருந்தது. பாட்டின் அமைப்பு கடைசி நாள் வரை மாறிக்கொண்டே இருக்கும். டிரம்ஸை முதலில் பதிந்துவிட்டால் அப்புறம் கை வைக்க முடியாது.

ஆகவே கை போனதால் மெஷின் வரவில்லை, மெஷின் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. ஆலனுக்கு அதிர்ஷ்டம் என்று ஏதாவது இருந்தால் அது இதுதான். ஒவ்வோர் அடியும் தனித்தனியாக, பெரிதாக, நடுவில் நிறைய இடம் விட்டு விழ வேண்டும் என்று அந்தக் குழு விபத்துக்கு முன்பே முடிவு செய்திருந்தது. ஜாஸ் குழுவிலோ, நிமிடத்துக்கு ஆயிரம் அடி வேண்டுகிற மெட்டல் ராக் குழுவிலோ அவர் இருந்திருந்தால் கதை வேறு.

மேடைக்கும் ஆல்பத்துக்கும் முடிச்சுப் போடாதீர்கள். மேடையில் நடந்தது வேறு விஷயம். அதைத் தவில்பேரன் சொல்லட்டும், நான் வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

---

தவில்பேரன்

சரி, மேடை.

மருத்துவமனையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் யோசனை பிறந்தது அங்கேதான். படுக்கையில் உடம்பு கீழே சரியாமல் இருக்கக் கால்மாட்டில் ஒரு ஃபோம் துண்டை வைத்திருந்தார்கள். படுத்தபடி பாட்டு கேட்டுக்கொண்டே கால்களால் அதைத் தட்டிக்கொண்டிருந்தார். இடது கை செய்த வேலை முழுக்கத் தலைக்குள் அப்படியே இருக்கிறது, செய்வதற்குத்தான் உறுப்பு இல்லை என்று அப்போது பட்டிருக்கிறது. சரி, பக்கத்தில் இருப்பவரிடம் ஒப்படைத்துவிடலாம். பக்கத்தில் இருந்தது இடது கால்.

பீட் ஹார்ட்லி என்ற நண்பர் முதல் பெடல்களைச் செய்துகொடுத்தார். சிம்மன்ஸ் மின் டிரம்ஸோடு அவற்றை இணைத்தார்கள். 80களின் படங்களில் அறுகோண வடிவத்தில் பலகை மாதிரி டிரம்ஸ் பார்த்திருப்பீர்களே, அந்த நிறுவனம்தான். இடது காலுக்கு 4 பெடல்கள். இடமிருந்து வலமாகச் சொன்னால் மூடுகிற ஹை-ஹாட் (ஜோடியாக மோதும் தட்டுகள்), பேஸ் டிரம் (தரையில் நிற்கும் பெரிய டிரம்), ஸ்னேர் (சுள்ளென்று ஒலிக்கும் டிரம்), டாம் (உருட்டுக்கான டிரம்). வலது கால் வழக்கம்போல் பேஸ் டிரம். வலது கை மேலே இருக்கிற மற்ற எல்லாவற்றுக்கும்.

பட்டனை அமுக்கினால் சத்தம் வரும் என்கிறார் கடைசிபெஞ்ச். வரும். ஒரு மிதிக்கு ஓர் அடிதான் வரும். நேரம் தவறி மிதித்தால் நேரம் தவறித்தான் வரும். ஹார்மோனியத்திலும் கட்டையை அமுக்கினால் சத்தம் வருகிறது.

எங்கள் வீட்டில் தாத்தா தவில் வாசித்தவர். தவிலில் வலது கை விரல்களில் கூடு மாட்டியிருக்கும், இடது கையில் கழி இருக்கும். இரண்டு கைக்கும் இரண்டு உத்தியோகம். சின்ன வயதில் ஒருநாள் கழியை வலது கையில் பிடித்து வாசித்துப் பார்த்தேன். தாத்தா சிரிக்கவில்லை, 'அது வேற ஆளோட வேலைடா' என்றார். ஆலனைப் பற்றிப் படித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. இவர் கருவியை மாற்றவில்லை, ஆளை மாற்றிவிட்டார்.

---

ஹெட்போன்பைத்தியம்

வாசிக்கத் தெரியாதவன் கேட்கிறேன், முட்டாள்தனமாக இருந்தால் மன்னிக்கவும். எல்லா டிரம்மரும் காலால் பேஸ் டிரம் வாசிக்கிறார்கள்தானே? அப்படியானால் இன்னொரு காலால் ஸ்னேர் வாசிப்பதில் என்ன பெரிய கஷ்டம்? நடக்கிற மாதிரி இடது, வலது, இடது, வலது.

---

ரிவர்ஸ்கியர்

தம்பி, கேள்வியில் முட்டாள்தனம் ஒன்றும் இல்லை. 20 வருடத்துக்கு மேல் ஆர்கெஸ்ட்ராவில் டிரம்ஸும் பேடும் (மின் டிரம்ஸ் தட்டு) வாசிக்கிறேன், எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஒருநாள் செய்து பார்த்தேன், போய்விட்டது. நீயும் செய்து பார்.

நாற்காலியில் உட்கார். வலது கையால் தொடையில் ஒரே சீராக எட்டு எண்ணித் தட்டு. ஒன்றுக்கும் ஐந்துக்கும் வலது கால். மூன்றுக்கும் ஏழுக்கும் இடது கால். ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். நீ சொன்ன மாதிரி நடைதான். ராக் பாட்டில் முக்கால்வாசி நேரம் ஓடுவதும் இதுதான், அதனால் 'இவ்வளவுதானா' என்று தோன்றும்.

இப்போது இரண்டாவது பாடம். பாட்டின் வரி முடிந்து அடுத்த வரிக்குப் போகும் இடத்தில் டிரம்மர் ஓர் உருட்டு உருட்டுவார் இல்லையா? இரண்டு கை இருந்தால் வலது, இடது, வலது, இடது. இவருக்கு வலது கை, இடது கால், வலது கை, இடது கால். அதை எட்டு எண்ணுகிற வேகத்துக்கு இரண்டு மடங்கில் தட்டிப் பார். கை முந்தும், கால் பிந்தும், நீ விழுவாய். நிஜமாகவே விழுவாய், ஏனென்றால் உட்கார்ந்திருக்கும்போது உடம்பைத் தாங்குவது பாதி அந்த இடது கால்தான். அதையும் தூக்கிவிட்டால் இடுப்பு ஒன்றுதான் மிச்சம். அவருக்கு இடது பக்கம் ஒரு கையின் எடையும் இல்லை.

கால் ஏன் பிந்துகிறது? ஸ்டிக் தோலில் பட்டால் தானாக எகிறித் திரும்பி வரும். பாதி வேலையைத் தோல் செய்துகொடுக்கும். கால் எகிறாது. ஒவ்வொரு தடவையும் நீயேதான் தூக்க வேண்டும். போதாததற்கு, ஒரே கால் நாலு பெடலுக்கும் நகர வேண்டும், குனிந்து பார்க்க நேரம் கிடையாது. இருட்டில் செருப்பைத் தேடுகிற மாதிரி, ஆனால் தாளம் தவறாமல் தேட வேண்டும்.

இன்னொன்று, இதை வாசிப்பவர்கள் மட்டும்தான் கவனிப்பார்கள். இடது கை சத்தமாக அடிப்பதற்கு மட்டும் இல்லை. இரண்டு பெரிய அடிகளுக்கு நடுவில் ஸ்னேரின் மேல் லேசாகத் தடவிக்கொண்டே இருக்கும், கேட்டும் கேட்காத மாதிரி. பாட்டுக்குச் சாய்வு கொடுப்பது அதுதான். பெடலில் அது கிட்டத்தட்ட முடியாது. ஆகவே ஆலன் அதை விட்டுவிட்டார். எது இல்லாவிட்டாலும் பாட்டு நிற்கும் என்று பார்த்துப் பார்த்துக் கழித்திருக்கிறார். விபத்துக்கு முந்தைய நேரடி ஒளிப்பதிவையும் பிந்தையதையும் அடுத்தடுத்துக் கேள். முந்தையதில் இளந்தாரி வேகம், கிடைத்த சந்தில் எல்லாம் ஓர் அடி. பிந்தையதில் அடி குறைவு, ஆனால் விழும் ஒவ்வொன்றும் கல் தூக்கிப் போட்ட மாதிரி.

மின் டிரம்ஸை நம்பி மேடை ஏறுவதில் உள்ள திகிலையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கல்யாண ரிசப்ஷன். ஆறு பேடு, கீழே ஒரு கிக் (பேஸ் டிரம்) பெடல், எல்லாம் ஒரே பெட்டிக்குள் போய்ச் சேரும். பேடுக்குள் ஒரு சின்னச் சில்லு இருக்கும், அடியின் அதிர்வை மின்சாரமாக மாற்றி வயர் வழியாக அனுப்பும். வயர் போனால் நீ காற்றில் அடிக்கிறாய். அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டுக் குழந்தை ஒன்று மேடையில் தவழ்ந்து வந்து கிக் வயரைப் பிடுங்கிவிட்டது. பேஸ் அடி இல்லாமல் ஒரு குத்துப் பாட்டு! பாடகர் என்னை முறைக்கிறார், நான் குழந்தையை முறைக்கிறேன், அது என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. எனக்கு அது ஒரு பாட்டு. அந்த ஆளுக்கு 1986இல் பாதி உடம்பே அந்த வயர்களில்தான் இருந்தது.

---

கடைசிபெஞ்ச்

ரிவர்ஸ்கியர் அண்ணா, இரண்டாவது பாடத்தைச் செய்து பார்த்தேன். நாற்காலிக்குச் சக்கரம் இருந்தது. மேற்கொண்டு சொல்ல விரும்பவில்லை.

பட்டன் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் ஒரு கேள்வி பாக்கி. திரும்பி வந்தபோது பக்கத்தில் இன்னொரு டிரம்மரை வைத்துக்கொண்டுதான் வாசித்தார் என்று எங்கோ படித்திருக்கிறேன். அது உண்மையா, பொய்யா?

---

தவில்பேரன்

உண்மைதான், கதையின் நல்ல பகுதியே அதுதான்.

1986 ஆகஸ்டில் டோனிங்டன் திடலில் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக் விழா. அதற்கு முன்னால் அயர்லாந்தில் சின்னச் சின்ன ஊர்களில் சில நிகழ்ச்சிகள் வைத்துக்கொண்டார்கள். பெரிய பந்தலுக்கு முன்னால் தெருமுனையில் ஒத்திகை பார்க்கிற மாதிரி. துணைக்கு ஸ்டேட்டஸ் குவோ குழுவின் டிரம்மர் ஜெஃப் ரிச். மேடையில் இரண்டு டிரம் செட், இரண்டு பேரும் சேர்ந்து வாசித்தார்கள். எங்காவது ஆலன் தடுமாறினால் கூட்டத்துக்குத் தெரியக்கூடாது என்பது ஏற்பாடு.

ரிச்சுக்குத் தன் சொந்தக் குழுவின் நிகழ்ச்சிகளும் இருந்தன. பாலிபுனியன் என்ற ஊருக்கு அவர் வந்துசேரத் தாமதமாகிவிட்டது. காத்திருந்து பார்த்துவிட்டு ஆலன் தனியாகவே ஆரம்பித்துவிட்டார். ரிச் வந்தபோது நிகழ்ச்சி பாதி தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுவிட்டு, இனி நான் எதற்கு என்று அவரே ஒதுங்கிக்கொண்டார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த ஆள் ரிச்தான். இன்னொருவருக்கு முட்டுக் கொடுத்து நிற்பது ஒரு வேலை, விலகிக்கொள்ள வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வது இன்னொரு வேலை. வாத்தியக்காரர்களில் இரண்டாவது வேலை தெரிந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 16, டோனிங்டன். அன்றைய தலைமை நிகழ்ச்சி ஓஸி ஆஸ்பர்ன், டெஃப் லெப்பர்ட் நடுவில் ஓரிடத்தில். ஒரே ஒரு டிரம் செட். நிகழ்ச்சியின் நடுவே பாடகர் ஜோ எலியட் டிரம்மரின் பெயரைச் சொன்னார். திடலே எழுந்து கத்தியது. ஆலன் அழுதுவிட்டார். விபத்து நடந்து 20 மாதம்கூட முடியவில்லை.

---

சுண்டைக்காய்

இவ்வளவு நேரம் ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு டிரம்ஸ் தெரியாது, கணக்கு தெரியும், அதனால் கணக்குப் பேசுகிறேன்.

எல்லாரும் குழு அவருக்காகக் காத்திருந்தது என்று உருகுகிறார்கள். காத்திருந்தது உண்மை. வேறு டிரம்மரைத் தேடவில்லை, முடிவை அவரிடமே விட்டார்கள். ஆனால் அந்தக் காலத்தில் குழு வேறு எங்கேயும் ஓடிக்கொண்டிருக்கவில்லை என்பதையும் பாருங்கள். ஹிஸ்டீரியாவை முதலில் ஜிம் ஸ்டைன்மன் தயாரிப்பில் ஆரம்பித்தார்கள், ஒத்துவரவில்லை, அந்தப் பதிவுகள் குப்பைக்குப் போயின. அப்புறம் விபத்து. அப்புறம் மட் லாங் திரும்பி வந்தார், அவரும் ஒரு கார் விபத்தில் மாட்டினார். பாடகருக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. ஹாலந்தில் கொஞ்சம், டப்ளினில் கொஞ்சம் என்று மூன்று வருடம் இழுத்தது. செலவு எங்கேயோ போய்விட்டது. போட்ட காசை எடுக்கவே குறைந்தது 50 லட்சம் பிரதிகள் விற்க வேண்டும் என்ற நிலை.

எல்லாரும் அந்தத் தாமதத்தைச் சாபம் என்றார்கள். ஆலனுக்கு அதுதான் பயிற்சிக் காலம். சொன்ன தேதியில் ஆல்பம் முடிந்து 1985இல் ஊர் ஊராகக் கிளம்பும்படி ஆகியிருந்தால், இதே நல்ல மனசு என்ன முடிவு எடுத்திருக்கும்? எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

1987 ஆகஸ்ட் 3 அன்று வெளிவந்தது. அமெரிக்காவில் முதலிடத்தைப் பிடித்தது அடுத்த வருடம் ஜூலையில்தான், ஏறக்குறைய ஒரு வருடம் மெல்ல மெல்ல ஏறி. உலகம் முழுக்க 2 கோடிக்கு மேல் விற்றது. ஹிஸ்டீரியா என்ற பெயரை வைத்தவரே ஆலன்தான். விபத்தும் அதைச் சுற்றி ஊடகங்கள் போட்ட கூச்சலும்தான் அந்தப் பெயருக்குக் காரணம். தவில்பேரனுடைய ஃபார்வர்டு எரிச்சல் அவருக்கு 1985லேயே வந்துவிட்டது போலிருக்கிறது.

---

ஹெட்போன்பைத்தியம்

சுண்டைக்காய் அக்கா, அப்படியே இருக்கட்டும். ஆனால் டிரம்மர் போனால் குழுவே கடையை மூடிய கதையும் உண்டே. லெட் செப்பலினின் ஜான் பான்ஹாம் 1980 செப்டம்பர் 25இல் இறந்தார், டிசம்பரிலேயே இனி இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இன்னோர் ஆளை அவர்களால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. டெஃப் லெப்பர்டுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். என்ன, இவர்களுடைய ஆள் உயிரோடு இருந்தார்.

---

சுண்டைக்காய்

சரி, ஒத்துக்கொள்கிறேன். அதே குழுவின் இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கிடாரிஸ்ட் ஸ்டீவ் கிளார்க் குடிப்பழக்கத்தில் சிக்கியிருந்தார். அவருக்கும் ஆறு மாத விடுப்பு கொடுத்தார்கள், அவருக்காகவும் காத்திருந்தார்கள். 1991 ஜனவரி 8 அன்று அவர் இறந்துவிட்டார், வயது 30. அதே ஆட்கள், அதே பொறுமை. காலைவணக்கப் படங்களில் கிளார்க்கை யாரும் போடுவதில்லை.

---

மட்டுறுத்துநர்

இழை நன்றாகப் போகிறது. 'இவரைவிட எங்கள் ஊர் டிரம்மர் பெரியவர்' என்று ஆரம்பித்த மூன்று பதிவுகளைத் தனி இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். அங்கே போய் அடித்துக்கொள்ளவும்.

---

மிக்சிங்மேசை

வேலை முடிந்து வந்தேன். விட்டுப்போன ஒன்றைச் சேர்க்கிறேன்.

ஆலன் என்றால் மின் டிரம்ஸ் என்று எல்லாரும் பேசுகிறோம். 1996இல் ஸ்லாங் என்ற ஆல்பம் வந்தபோது நிஜத் தோல் டிரம்ஸ் பக்கம் திரும்பினார். கிரன்ஜ் என்ற சொரசொரப்பான ராக் இசையின் அலை அடித்து ஓய்ந்த நேரம். மெருகேற்றிய 80களின் ஒலியைக் கேட்டாலே ஆட்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். குழுவும் கொஞ்சம் கரடுமுரடாகப் பேச விரும்பியது. பெடல்களை முழுக்க விட முடியாது, அதனால் பாதி நிஜம், பாதி மின் ஒலி. என் காதுக்கு அவருடைய கை எப்படி விழுகிறது என்று தெளிவாகக் கேட்பது அதில்தான். அறையின் காற்றும் சேர்ந்து கேட்கிறது. ஆல்பம் முன்னவை மாதிரி விற்கவில்லை, அது வேறு கதை.

கடைசிபெஞ்ச் நண்பருக்கு என் சிபாரிசு இதுதான். ஹிஸ்டீரியாவை வைத்து அவரை எடை போடாதீர்கள், அது லாங்கின் கட்டடம். மேடைப் பதிவுகளையும் ஸ்லாங்கையும் கேட்டுவிட்டு வாருங்கள்.

---

கடைசிபெஞ்ச்

கேட்டேன். இரண்டு நாள் ஆனது.

முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை, முன்னமே சொல்லிவிடுகிறேன். அதிவேக இடங்களில் எனக்கு இன்னும் ஒரு விறைப்பு கேட்கிறது. ஆனால் மெதுவான, கனமான பாட்டுகளில் அந்த ஸ்னேர் அடி வருகிற இடம் ஒரு மயிரிழை பிந்தி, சாய்ந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. கையால் அடிக்கிற டிரம்மர்கள் அவசரத்தில் அந்த இடத்தைத் தின்றுவிடுவார்கள். கால் எகிறாது என்று ரிவர்ஸ்கியர் அண்ணா சொன்னாரே, இது அதனால்தானா? அப்படியென்றால் அவருக்குக் குறையாகப் போனதே பாட்டுக்கு லாபமாக வந்திருக்கிறது.

---

ரிவர்ஸ்கியர்

அதனால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீ கேட்டது சரியான இடத்தை. டிரம்ஸ் தெரியாது என்று இனிமேல் எங்கேயும் சொல்லிக்கொள்ளாதே.

---

ஹெட்போன்பைத்தியம்

இப்போது என்ன செய்கிறார்? வாசிக்கிறாரா?

---

தவில்பேரன்

வாசிக்கிறார். 2022இல் புது ஆல்பம் வந்தது, அதே வருடம் மோட்லி க்ரூ குழுவோடு அமெரிக்காவின் பெரிய ஸ்டேடியங்களில் சுற்றினார்கள். 2019 மார்ச்சில் குழுவை ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோது அழைத்து அறிமுகம் செய்தவர் குயீன் குழுவின் பிரையன் மே. ஓவியமும் வரைகிறார். 2001இல் மனைவி லாரன் மன்றோவோடு ரேவன் டிரம் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கினார். போரில் அடிபட்டுத் திரும்பிய படைவீரர்களோடு வட்டமாக உட்கார்ந்து டிரம்ஸ் தட்டுவது அதன் முக்கியமான வேலைகளில் ஒன்று. கையையோ காலையோ இழந்துவிட்டு வந்தவர்களிடம் இவர் தத்துவம் பேச வேண்டியதில்லை, போய் உட்கார்ந்தாலே போதும்.

2023 மார்ச்சில் ஒரு மோசமான சம்பவமும் நடந்தது. ஃப்ளோரிடாவில் தங்கியிருந்த விடுதிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தவரை 19 வயதுப் பையன் ஒருவன் ஓடிவந்து தள்ளிவிட்டான். பின்தலை தரையில் அடிபட்டது. தேறி மேடைக்குத் திரும்பிவிட்டார்.

---

ஹெட்போன்பைத்தியம்

கடைசியாக என் நிலவரம். ரிவர்ஸ்கியர் அண்ணா சொன்ன இரண்டாவது பாடத்தை ஒரு வாரமாகப் பழகுகிறேன். சக்கரம் இல்லாத நாற்காலி, வலது கைக்குப் பழைய மாத நாவல், இடது காலுக்குக் கீழே மடித்த ஜமுக்காளம். மெதுவாகத் தட்டினால் வருகிறது. நேற்று ராத்திரி கொஞ்சம் வேகம் கூட்டினேன். பத்து நிமிடத்தில் கீழ்வீட்டு மாமி மேலே வந்து, 'என்னப்பா, இந்நேரத்துல மாவு இடிக்கிறியா?' என்று கேட்டார்.

ஜமுக்காளத்துக்கு மேல் தலையணையும் போட்டிருக்கிறேன். கால் இன்னும் பிந்துகிறது.